போட்டோவோடு வீட்டு முகவரியும் போகிறதா?

2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் ஃபேஸ்புக், ட்விட்டர், வாட்ஸ்அப் வழியாக எவ்வளவு வேகமாகப் பரவியது என்று பார்த்தவர்கள், சோஷியல் மீடியாவே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் போட்டோ விஷயத்தில் கொஞ்சம் உஷார்.

கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தெளிவு குறையக்கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்புகிறோமே, அதில் அப்படியே போகும். பழைய பீரோவை விற்க ஹாலில் வைத்து எடுத்த படம், முன்பின் தெரியாத ஆளுக்கு வீட்டு வாசல் வரை வழி காட்டிவிடும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். ஐபோன் என்றால் பிரைவஸி, லொகேஷன் சர்வீசஸ் போய் கேமராவுக்கு 'நெவர்' கொடுக்க வேண்டும்.

அப்புறம், வாட்ஸ்அப் பிரைவஸியில் குரூப்ஸை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிட்டால், ஷேர் மார்க்கெட் டிப்ஸ் தருகிறோம் என்று யாரோ குரூப்பில் இழுத்துப் போடுவது நிற்கும். அதன் பிறகும் குரூப்பில் சேரச் சொல்லி லிங்க் அனுப்பிக் கூப்பிடுவார்கள், தொடாதீர்கள். இப்படி ஏமாந்து ஏற்கெனவே பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.