பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

என் சிறுகதைத் தொகுப்பின் உரிமை பதிப்பகத்திடமிருந்து திரும்பி வந்துவிட்டது. அதற்காக இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் துருவிப் படிக்க வேண்டியிருந்தது. முதல் நூல் கொண்டுவர இருப்பவர்களுக்கு அதில் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

படி 1: உரிமை யாருடையது?

எழுதியவருடையது. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிவு எதையும் கேட்பதில்லை. உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது வாரிசுகளிடம் இருக்கும். கதையின் கருவுக்கும் தலைப்புக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாக எழுதியதை இதழில் வெளியிடும் உரிமை நிர்வாகத்துக்குப் போகும். அதை நூலாக்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதியவருக்கே.

படி 2: பதிவு

கட்டாயமில்லை. ஆனால் நான் செய்யச் சொல்வேன். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். டைரி எண் (விண்ணப்பத்துக்கு அலுவலகம் தரும் எண்) கிடைத்ததும் ஆட்சேபங்களுக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். கையெழுத்துப் பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பவர்கள் உண்டு. அதைவிட இந்தப் பதிவு பல மடங்கு மேல். வழக்கென்று வந்தால் சட்டமே இதை முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை செல்லும் சான்றாக, ஏற்கிறது.

படி 3: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

நான் சிக்கியது இங்கேதான். ‘நூலின் சகல உரிமைகளும் பதிப்பகத்தையே சேரும்’ என்று ஒரே ஒரு வரி. எத்தனை ஆண்டு, எந்த நாடு என்ற பேச்சே இல்லை. காலம் குறிப்பிடாததால் ஆயுளுக்கும் கைவிட்டுப் போயிற்று என்றே விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். பிரிவு 19 சொல்வது வேறு. காலம் எழுதப்படாவிட்டால் 5 ஆண்டுகள். எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அந்த உரிமை மாற்றமே காலாவதியாகிவிடும். ஐந்தாண்டு முடிந்ததும் இந்தப் பிரிவைச் சுட்டிக் கடிதம் அனுப்பினேன். உரிமை எழுத்துமூலம் திரும்பி வந்தது.

ஆகவே ‘சகல உரிமைகளும்’ என்பதை அடித்துவிட்டு, ‘தமிழில் அச்சுநூலாக வெளியிடும் உரிமை, 3 ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள்’ என்று எழுதச் சொல்லுங்கள். அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். ராயல்டி (விற்பனையில் எழுதியவருக்கான பங்கு) விகிதத்தையும் கணக்குத் தரும் மாதத்தையும் எண்ணால் குறிக்கச் செய்யுங்கள். கையெழுத்தான பிரதியை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக வையுங்கள். கைபேசிப் படம் போதாது, ஓரத்து வரிகள் மங்கிவிடுகின்றன.

படி 4: அட்டைப்படம்

பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஓவியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ‘வாய்ப்பேச்சாக மட்டும் ஒப்புக்கொண்டேன், உரிமை போய்விட்டதா?’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போகவில்லை. எழுத்தும் உங்கள் கையெழுத்தும் இல்லாமல் உரிமை மாறாது. ஆனால் பணம் வாங்கும்போது ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரை நீட்டுவார்கள். அதில் ‘முழு உரிமைக்காக’ என்று இருந்தால், ‘முதல் பதிப்பின் ராயல்டிக்காக’ என்று திருத்திய பிறகே கையெழுத்திடுங்கள்.