முதல் வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பது எப்படி? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரில் கேட்டாலும் சொந்த வீடு வாங்க நினைப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மாசத் தவணை எப்படியும் கட்டிடலாங்க, முன்பணம்தான் புரட்ட முடியல." நம் பக்கத்தில் வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வருவதில்லை. கடைச் சம்பளம் கொஞ்சம், தையல் கூலி கொஞ்சம், தையில் சம்பா அறுத்தால் மொத்தமாக ஒரு தொகை. அதற்குத் தகுந்த மாதிரி சேர்த்தால் நடுத்தரக் குடும்பம் நான்கைந்து வருஷத்தில் முன்பணத்தைத் தயார் செய்துவிடலாம்.

படி 1: உண்மையில் எவ்வளவு வேண்டும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி அதிகபட்சம் மதிப்பில் 90 சதவீதம் தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். இதைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் "பத்து சதவீதம் இருந்தால் போதும்" என்று இறங்கிவிடுகிறார்கள். அது போதாது. ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம்.

வீட்டின் விலை 25 லட்சம். பத்து சதவீதம் என்றால் கையில் 2.5 லட்சம். ஆனால் வங்கி பார்ப்பது விற்பவர் சொல்லும் விலையை அல்ல, தன் மதிப்பீட்டாளர் எழுதித் தரும் மதிப்பை. அவர் 22 லட்சம் என்று எழுதினால் கடன் 19.8 லட்சம்தான். மீதி 5.2 லட்சம் உங்கள் பொறுப்பு. பொதுச் சுவரோடு ஒட்டிய பழைய நாட்டு ஓட்டு வீடுகளுக்கு இந்த இடைவெளி இன்னும் கூடலாம். கட்டடத்தின் வயதைப் பார்த்து மதிப்பைக் குறைத்துவிடுவார்கள்.

அப்புறம் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 25 லட்சத்துக்கு 2.25 லட்சம். பொதுவாக இதற்கு வங்கி கடன் தராது. 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரலில் இருந்து இந்தச் சலுகை உண்டு. சின்ன மனை வாங்குபவர்களுக்கு இது உதவும்.

வக்கீல், பத்திர எழுத்தர், வங்கியின் கடன் செலவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஐம்பதாயிரம் வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 8 லட்சம். 2.5 லட்சத்துக்கும் 8 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்தால் கந்துவட்டிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

படி 2: மனை யாருடையது என்று பாருங்கள்

சேர்க்கத் தொடங்கும் முன்பே இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் அதிகம். பல தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. அந்த வீடுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அடமானம் வைக்க மனையே உங்களுடையது இல்லை என்பதால் வங்கிக் கடன் கிடைக்காது. முழுத் தொகையும் கைக்காசு ஆகிவிடும். அதனால் எந்தத் தெருவில் வாங்க ஆசையோ அங்கே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலிலேயே விசாரியுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மனையாக வாங்குவதானால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்ப்பதும் கட்டாயம்.

படி 3: மாதக் காசு ஒரு பக்கம், அறுவடைக் காசு ஒரு பக்கம்

வீட்டுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதற்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், ஜிபேயிலும் இணைக்க வேண்டாம்.

சம்பளம் வரும் கணக்கிலிருந்து மாதம் 10,000 ரூபாய் தானாகவே ஆர்.டி.க்கு, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக்குப் போகட்டும். சம்பளம் ஏறிய மறுநாளே பிடிக்கும்படி தேதி கொடுங்கள். குறுவைப் பணத்தைத் தொட வேண்டாம், அது சம்பா நடவுக்கும் உரத்துக்கும் போய்விடும். சம்பா நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்திலிருந்து பணம் கணக்கில் ஏறியதும், கடனும் கூலியும் போக நிற்பதில் 60,000 ரூபாயை அதே வாரத்தில் வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள். மாசி பிறந்துவிட்டால் விசேஷங்கள் வரிசையில் நிற்கும், அப்போது அந்தப் பணம் தங்காது.

நான்கு வருஷத்தில் ஆர்.டி.யில் 4.8 லட்சம், சம்பாவில் 2.4 லட்சம். வட்டி ஆறரை சதவீதம் கிடைத்தால் எல்லாம் சேர்ந்து 8 லட்சத்தைத் தாண்டும்.

ஒரு வருஷம் மழையிலோ புயலிலோ போகலாம். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் முதல் பேராவூரணி வரை தென்னையை நம்பியிருந்தவர்கள் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை வீட்டுப் பணத்தோடு கலக்காமல் வேறு கணக்கில் வையுங்கள். அது சேர்ந்த பிறகுதான் ஆர்.டி.யே.

படி 4: எங்கே போடுவது?

முழுக்க விவசாய வருமானம் என்றால் அஞ்சலக ஆர்.டி. நல்ல வழி. அதில் முன்கூட்டியே கட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாதம் 5,000 ரூபாய் கணக்கு என்றால் 12 மாதத் தவணை 60,000. அதை மொத்தமாகக் கட்டினால் மாதத் தவணையில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 40 ரூபாய் வீதம் 2,000 ரூபாய் தள்ளுபடி, நீங்கள் கட்டுவது 58,000 மட்டும். தையில் ஒரு முறை கட்டிவிட்டு வருஷம் முழுக்க நிம்மதியாக இருக்கலாம். ஆனால் இது ஐந்து வருஷத் திட்டம். மூன்று வருஷத்துக்குப் பிறகு இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் வரும். நான்கு வருஷத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால் வங்கி ஆர்.டி. போடுங்கள்.

வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், கூடுதல் வட்டி என்று விளம்பரம் செய்யும் நிதி நிறுவனங்களுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. வீட்டு முன்பணத்தை அரை சதவீத வட்டிக்காக அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

படி 5: மொய், ஒத்தி, சீட்டு, நகை

பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்தால் ஒரே நாளில் லட்சங்கள் சேரும். வட்டி இல்லாத பணம், சொந்தபந்தம் சேர்ந்து தூக்கிவிடுகிற நல்ல வழக்கம். ஆனால் மொய் நோட்டில் ஏறிய ஒவ்வொரு வரியும் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால் நோட்டை எடுத்து, அடுத்த மூன்று வருஷத்தில் யார் யார் விருந்து வைப்பார்கள், அவர்களுக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். வருஷத்துக்கு வரும் தொகையை 12 ஆல் வகுத்து, வரப்போகும் வீட்டுத் தவணையோடு கூட்டிப் பாருங்கள். தாங்கும் என்றால் மட்டும் மொய்ப் பணத்தை முன்பணத்தில் சேருங்கள்.

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்தி வீட்டில் இருப்பவர்களுக்கு வாடகை மிச்சம். அந்த மிச்சம் ஆர்.டி.க்குப் போக வேண்டும். ஆனால் ஒத்திப் பணத்தையே முன்பணமாக நம்பினால் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தருவார். அதற்குள் பத்திரத் தேதி வந்துவிடும். ஆறு மாதம் முன்பே சொல்லி, தேதியை எழுதி வாங்குங்கள்.

சீட்டு போட்டால் பதிவு செய்த சீட்டு மட்டும். கடைசிப் பக்கமாக எடுக்கும்படி திட்டமிடுங்கள், தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) குறையும்.

நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவதை நான் சொல்ல மாட்டேன். முதல் மாதமே வீட்டுத் தவணையும் நகை வட்டியும் ஒன்றாக வந்து நிற்கும். போடாமல் கிடக்கும் பழைய நகையை வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் விற்றுவிடுவது மேல்.

படி 6: அட்வான்ஸ் கொடுக்கும் நாள்

பணம் சேர்ந்துவிட்டது, வீடும் பிடித்துவிட்டது. சரி, இப்போதும் அவசரம் வேண்டாம். வக்கீலிடம் மூலப்பத்திரம் காட்டி, வங்கியிலும் சொத்துக்குக் கடன் உண்டா என்று வாய்மொழியாகவாவது கேட்ட பிறகுதான் அட்வான்ஸ். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் இத்தனை நாளுக்குள் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் பத்திர எழுத்தரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.