கழிவு அரைப்பானின் மோட்டார் நின்றுவிட்டதா? புதியது வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், உணவுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு வெளியேற்றும் கழிவு அரைப்பானைச் சிங்கிற்கு அடியில் வைத்திருக்கும் வீடுகள் குறைவு. அதனால், அது நின்றுவிட்டால் பழுது பார்க்க ஆள் தேடுவதும் சிரமம். தண்ணீர் பம்புக்கும் மாவாட்டும் கிரைண்டருக்கும் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) சுற்றித் தருபவர்கள்கூட இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டு அரைப்பான் தீபாவளிக்கு முன் நின்றபோதும் அதே தீர்ப்புதான் கிடைத்தது. ஆனால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த வரிசையில் சோதித்தால் வீண்செலவைத் தவிர்க்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவிட்சை ஓரிரு விநாடிகள் மட்டும் போட்டுப் பாருங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால், பெரும்பாலும் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை. "உம்" என்று முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால், மின்சாரம் வருகிறது, பெரும்பாலும் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. முனகும் மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். சுழல முடியாத மோட்டார் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, காயிலைச் சுட்டுவிடும். இனி வரும் எல்லா வேலைகளையும் பிளக்கைக் கழற்றிய பிறகே செய்ய வேண்டும்.

சத்தமே இல்லையென்றால்

பிளக்கிற்குள் இருக்கும் ஃபியூசை மாற்றிப் பாருங்கள். பிறகு அரைப்பானின் அடிப்பாகத்தில் சிவப்பு நிறத்தில் இருக்கும் ரீசெட் பொத்தானைத் தேடுங்கள். மோட்டார் சூடேறினால் அது வெளியே துருத்திக்கொள்ளும். கால் மணி நேரம் ஆறவிட்டு அழுத்தினால் உள்ளே போய் நிற்க வேண்டும்.

இவற்றிலும் சரியாகவில்லையென்றால், பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. சிங்கின் விளிம்பில் பொத்தான் வைத்த அரைப்பான்களில் அந்தப் பொத்தானுக்கு மின்கம்பி கிடையாது. அதை அழுத்தும்போது, பென்சிலைவிட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்று தள்ளப்பட்டு, அலமாரிக்குள் இருக்கும் சிறிய பெட்டி மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. ஈரக்கையால் தொட்டாலும் ஆபத்தில்லாத ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழாய் கழன்றாலும் மடங்கினாலும் மோட்டார் செத்ததுபோலவே தெரியும். எங்கள் வீட்டில், எண்ணெய் டின்னுக்கும் வெங்காயக் கூடைக்கும் இடையில் நசுங்கிய அந்தக் குழாயின் முனை மஞ்சளாகி இறுகி, நீளவாக்கில் மெல்லிய கீறல் விட்டிருந்தது. பெட்டியில் செருகியபடியே இருந்ததால் பார்வைக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

இதைச் சோதிப்பது எளிது. குழாயைப் பொத்தான் பக்கம் கழற்றி, அந்த முனையில் வாயை வைத்துச் சட்டென்று ஊதுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் "டிக்" என்ற ஒலி கேட்கும். கேட்காவிட்டால் பெட்டிப் பக்கத்தையும் கழற்றி, கீறிய பகுதியை வெட்டியெறிந்து, புதிய முனையை வெந்நீரில் சற்று நனைத்து இளக்கி, துடைத்துவிட்டு மீண்டும் செருகுங்கள். குழாய் முழுவதுமே இறுகிவிட்டிருந்தால், மீன் தொட்டிக்கு விற்கும் காற்றுக் குழாயில் பொருந்தும் அளவைப் பார்த்து வாங்கலாம்.

முனகல் மட்டும் கேட்டால்

பல அரைப்பான்களின் அடியில், நடு மையத்தில், ஆறுமுகத் துளை ஒன்று இருக்கும். கால் அங்குல ஆலன் சாவியைச் செருகி, இரு பக்கமும் மாறி மாறி அசைத்தால் சிக்கல் விடுபடும். துளை இல்லாத வகையாக இருந்தால், மேலிருந்து மரக்கரண்டியின் காம்பை விட்டு அரைக்கும் தட்டைத் திருப்ப வேண்டும். சிக்கியதை எடுக்க இடுக்கியைப் பயன்படுத்துங்கள். பிளக் கழன்றிருந்தாலும் கையை விடக் கூடாது என்பதே என் கட்சி. நம் சமையலறையில் குற்றவாளிகள் பெரும்பாலும் நார்ப்பொருள்களே: முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், கறிவேப்பிலைக் காம்பு. தேங்காய் உடைத்த நாளாக இருந்தால், ஓட்டுச் சில்லையும் தேடிப் பாருங்கள். அடைப்பு நீக்கும் இரசாயனத்தை ஊற்றுவதில் பயனில்லை. அது சில்லைக் கரைக்காது, இரப்பர் வளையத்தைத்தான் கெடுக்கும்.

தட்டு தாராளமாகச் சுழன்றும் மோட்டார் முனகினால், தொடக்கக் காயிலோ, மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டரோ பழுதாகியிருக்கலாம். கெப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், புதியவர்கள் உறையைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா?

இதற்கு டெஸ்ட் பேனாவை நம்பாதீர்கள். மின்தடையை ஓமில் அளக்கும் மலிவான மல்டிமீட்டரே போதும். காற்றுப் பெட்டியைத் தவிர்த்து, அரைப்பானின் சொந்தப் பிளக்கில் அளவெடுங்கள். லைவ், நியூட்ரல் முனைகளுக்கிடையே சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் காயில் அறுபடவில்லை. ரீசெட் பொத்தான் உள்ளே இருந்தும் தொடர்பே காட்டவில்லையென்றால் காயில் அறுந்திருக்கக்கூடும். எர்த் முனைக்கும் லைவுக்கும் இடையே ஓம் அளவில் எதையாவது காட்டினால், மின்சாரம் அரைப்பானின் உடலில் கசிகிறது என்று பொருள். அக்கா வீட்டு அரைப்பானில் அடிப்பாகத்து ரீசெட் பொத்தானைச் சுற்றிப் பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. பிளக்கைப் போட்டதும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்பெட்டியின் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்தது. மேல் சீல் தேய்ந்து காயிலுக்குள் தண்ணீர் இறங்கியதன் அடையாளம் இது. காயில் சுற்றினாலும் அதே சீல் வழியாகத் தண்ணீர் மறுபடியும் இறங்கும். இதற்குச் செலவழிப்பதைவிடப் புதியதை வாங்கிவிடலாம்.

கழற்றும்போது, அடியில் கவிழ்த்த வாளியை வைத்து எடையைத் தாங்கச் செய்த பிறகே மேல்வளையத்தைத் திருகுங்கள். இல்லையென்றால் அரைப்பான் சட்டென்று விடுபட்டுப் பொத்தென்று விழும். அதே நிறுவனத்தின் அரைப்பானை வாங்கினால், சிங்கில் உள்ள பழைய வளையமே பல சமயம் பொருந்தும். பிளக் இல்லாமல் நேரடியாகச் சுவரில் இணைத்த கம்பிகளாக இருந்தால், உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

பின்சேர்க்கை

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த அரைப்பானை டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் மாறும் இண்டக்ஷன் மோட்டாராக இருந்தால், அது மெதுவாகச் சுழன்று, அதிகமாகச் சூடேறும்.

மற்றொருவர் வீட்டில் சிங்க் தண்ணீர் பின்புறத்து லொங்காங்கில் (திறந்த சாக்கடையில்) நேரே விழுகிறதாம். தோட்டப்புறத்துப் பழைய வீடுகள் பலவற்றிலும் இதே அமைப்புதான். அரைத்த உணவு அங்கே தேங்கினால் நாற்றமும் எலியும் வரும். மோட்டார் போய்விட்ட நிலையில், அப்படிப்பட்ட வீட்டுக்குப் புதிய அரைப்பான் வாங்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் சாதாரண வடிகட்டிக் கிண்ணமும், சிங்க் குழாயிலிருந்து நாற்றம் மேலே வராமல் தடுக்கும் பாட்டில் டிராப்பும் வாங்கி அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது சிங்க் துளையின் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள், அரைப்பானுக்கான துளை வழக்கமாக ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் இருக்கும்.