ரிப்பேர் என்ற பெயரில் கெடுக்கப்பட்ட பாக்கெட் கடிகாரம்: சோதிப்பதும் சீராக்குவதும்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் ஞாயிற்றுக்கிழமைக் கடைகளிலோ கிடைக்கும் பழைய பாக்கெட் கடிகாரம், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே இருப்பது அபூர்வம். பல கை மாறித்தான் வந்திருக்கும். அதில் தேர்ந்த கையும் உண்டு, அவசரக் கையும் உண்டு. தேய்மானம் எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவசரக் கை எங்கே விளையாடியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒவ்வொரு மோசமான ரிப்பேருக்கு அடியிலும் ஓர் உண்மையான கோளாறு ஒளிந்திருக்கும். ஒட்டுவேலையை நீக்கினால் அந்தக் கோளாறு திரும்ப வந்து நிற்கும். அதனால் “இதை எப்படி எடுப்பது” என்று கேட்பதற்கு முன், “இதை எதற்காகச் செய்தார்” என்று கேட்க வேண்டும்.

வாங்கும் இடத்தில்

எடுத்தவுடன் முழுச் சாவி கொடுக்காதீர்கள். நான்கைந்து ‘கிளிக்’ போதும். கடைக்காரர் கடிகாரத்தைக் குலுக்கி ஓடவைத்துக் காட்டினால் அதற்கு மதிப்பில்லை. குலுக்கினால் பாதி செத்த கடிகாரமும் இரண்டு நிமிடம் ஓடும்.

பின்மூடியைத் திறந்து, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைப் பாருங்கள். கடிகாரத்தை மணிக்கட்டில் மெல்லத் திருப்பினால் அது தாராளமாக ஆடிச் சிறிது சிறிதாக அடங்க வேண்டும். சட்டென்று நின்றால் எண்ணெய் பிசினாகியிருக்கும் அல்லது பிவட், அதாவது சக்கரத் தண்டின் ஊசிமுனை, வளைந்திருக்கும். முகம் மேலே, முகம் கீழே, கொண்டை (சாவி கொடுக்கத் திருகும் குமிழ்) மேலே என்று மூன்று நிலையிலும் காதில் வையுங்கள். ஒரு நிலையில் சத்தம் மாறினால், பேலன்ஸ் தண்டின் ஊசிமுனையையோ, அது உட்காரும் கல்லையோ சந்தேகப்படலாம். விற்பவர் அனுமதித்தால், ட்வீசர் நுனியால் சக்கர விளிம்பை மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஓர் அசைவு இருப்பது சரி. சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தால் ஊசிமுனை உடைந்துவிட்டது, தண்டையே மாற்ற வேண்டும். விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள்.

முள் திருப்ப வராவிட்டால் கொண்டையைப் பலமாக இழுக்காதீர்கள். அமெரிக்க ரயில்வே கடிகாரங்கள் பலவற்றில் முன்கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, டயல் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்ன நெம்புகோலை வெளியே இழுத்தால்தான் முள் திரும்பும். ரயில் ஓட்டுபவர் தவறி நேரத்தை மாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தெரியாதவர்கள் கொண்டையை இழுத்து உடைத்த கடிகாரங்கள் சந்தையில் நிறையவே உண்டு.

மூடியின் உட்பக்கத்தையும் படியுங்கள். 0.800, 0.875, 0.935 என்றால் வெள்ளியின் தரம். சுவிஸ் பெட்டியில் (கடிகாரத்தின் வெளிக்கூட்டில்) 0.800-க்குக் காட்டுக்கோழி முத்திரையும் 0.875-க்குக் கரடி முத்திரையும் இருக்கும். உள்மூடியில் ‘குய்வ்ர்’ என்று பிரெஞ்சில் இருந்தால் அந்த மூடி வெறும் செம்பு. ‘20 வருட உத்தரவாதம்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது தங்கத் தகடு போர்த்திய பெட்டி, முழுத் தங்கம் அல்ல. இருளில் ஒளிர்வதற்காகப் பசை பூசிய எண்களும் முள்களும் இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்காது, ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. வீட்டு மேசைக்கு அது ஏற்ற கடிகாரம் இல்லை.

முன்னவர் விட்டுச்சென்ற தடயம்

10 மடங்கு லூப் (கண்ணருகே பிடிக்கும் பூதக்கண்ணாடி) வேண்டும். முதலில் ஸ்குரூ தலைகள். பள்ளம் கிழிந்திருந்தால் அகலம் பொருந்தாத டிரைவர் பட்டிருக்கிறது. நீல ஸ்குரூக்கள் நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால், வேறு கடிகாரத்திலிருந்து வந்தது. அதன் நீளத்தைச் சந்தேகப்படுங்கள். நீளமான ஸ்குரூ, சக்கரங்களைத் தாங்கும் தகட்டைத் தாண்டிப் போய், அடியில் ஓடும் சக்கரத்தை உரசும். கடிகாரம் காரணமே இல்லாமல் நிற்பதுபோலத் தோன்றும்.

பல அமெரிக்க மூவ்மென்ட்களில் (பெட்டிக்குள் இருக்கும் இயந்திரத்தில்) தகடுகளின் அடியில் வரிசை எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ பொறித்திருக்கும். அவை பொருந்தாவிட்டால் இரண்டு கடிகாரத்தை ஒன்றாக்கியிருக்கிறார்கள். ஓடுவதற்கு அது தடையில்லை, விலைக்குத் தடை.

துளையைச் சுற்றி வட்டமாகப் புள்ளிப் புள்ளியாகக் குத்தியிருந்தால், தேய்ந்து அகன்ற பித்தளைத் துளையை உளியால் அடித்து நெருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சில மாதம் தாக்குப்பிடிக்கும். துளை மையத்திலிருந்து நகர்ந்துவிடுவதால் பற்கள் சரியாகக் கடிக்காது. இதற்குச் சரியான வைத்தியம், துளையை மையம் பார்த்துப் பெரிதாக்கிப் புதுப் புஷ் (சிறு உலோக வளையம்) இறக்குவது. அதற்கான கருவி இல்லாவிட்டால் தொடாமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பேலன்ஸைத் தாங்கும் சிறிய பாலத்தை, அதாவது ‘பேலன்ஸ் காக்’ என்பதைக் கழற்றி அதன் அடிப்பாகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். கூர்மையான கத்தியால் கீறி, உலோகத்தை முள்போல எழுப்பியிருப்பது தெரிகிறதா? சில சமயம் ஒரு துண்டுக் காகிதமோ வெள்ளித்தாளோகூட இருக்கும். காரணம் இதுதான்: புதிதாகப் போட்ட பேலன்ஸ் தண்டு ஒரு மயிரளவு நீளமாகிவிட்டது. பாலத்தை இறுக்கினால் சக்கரம் நிற்கிறது. தண்டைக் கழற்றி அளந்து மாற்றுவதற்குப் பதில் முன்னவர் பாலத்தைத் தூக்கிவிட்டார். தகட்டில் பாலம் உட்காரும் இடத்தை அரத்தால் ராவியிருந்தால் கதை தலைகீழ்: தண்டு குட்டை. இரண்டிலும் பாலம் சாய்ந்துபோகும், கடிகாரம் நிலைக்கு ஒரு நேரம் காட்டும். கீறலை வழுவழுப்பான தட்டை உளியால் அழுத்திச் சமப்படுத்தலாம், ஆனால் சரியான நீளத் தண்டு கைக்கு வந்த பிறகுதான்.

ஈயப்பற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக, வழிந்த தோற்றத்தில் இருக்கும். ஈயம் வைத்தவர் பயன்படுத்திய அமில ஃபிளக்ஸ் (பற்று பிடிப்பதற்காகப் பூசுவது) சுற்றியுள்ள எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னும் வேகமாக. வெள்ளிப் பெட்டியின் கீலில் ஈயம் இருந்தால் பத்தரிடம் கொடுக்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈயத்தை முழுதாகச் சுரண்டி எடுக்காமல் வெள்ளிப்பற்று வைக்கச் சூடாக்கினால், ஈயம் வெள்ளியை அரித்துக் குழி விழும்.

வேகமாக/மெதுவாக என்று குறித்திருக்கும் ரெகுலேட்டர் ஊசி ஒரே பக்கத்தின் எல்லையில் ஒட்டிக்கிடந்தால், வேறெங்கோ உள்ள பிழையை அதைக்கொண்டு சமாளித்திருக்கிறார்கள். பேலன்ஸோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், காந்தம் ஏறியிருக்கலாம். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் கடிகாரம் மணிக்குப் பல நிமிடம்கூட முந்தும். அருகில் சின்னத் திசைகாட்டியை வைத்தால் காந்தம் இருப்பது தெரிந்துவிடும்.

பிரிப்பது

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். விரல் வியர்வை எஃகில் பட்டால் மறுநாளே துருப் புள்ளி வைக்கும், ஆகவே விரலுறை அவசியம். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுங்கள். ஸ்குரூ எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே தட்டில் அடுக்குங்கள்.

முதலில், கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். கொண்டையையோ சாவியையோ விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு கிளிக்கை (ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் கொக்கியை) விலக்கி, கொண்டையை விரலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி ஓட விடுங்கள். விசை இருக்கும்போதே, சக்கரங்களுக்கும் பேலன்ஸுக்கும் நடுவில் உள்ள கவையான பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால் சக்கரங்கள் எல்லாம் சுழன்று பாய்ந்து, பல்லோ பிவட்டோ போகும். பழைய ஆங்கிலேயக் கடிகாரத்தில் கூம்பும் சங்கிலியும் இருந்தால் விசை இறக்கும் முறையே வேறு. முதல் கடிகாரமாக அதைத் தொட வேண்டாம்.

பழைய அமெரிக்க மூவ்மென்ட்கள் பலவற்றில் கொண்டையின் தண்டு பெட்டியோடு இருக்கும், மூவ்மென்ட்டோடு வராது. பெட்டியை விட்டு எடுத்ததும் அது தானாக முள் திருப்பும் நிலைக்குப் போய்விடும். சாவி ஏறவில்லை, உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். அந்த ரகத்தில் விசையைப் பெட்டிக்குள் இருக்கும்போதே இறக்கிவிடுவது சுலபம்.

டயல் கால்களைத் தகட்டின் ஓரத்தில் உள்ள சிறு ஸ்குரூக்கள் பிடித்திருக்கும். அவற்றைத் தளர்த்தாமல் நெம்பினால் எனாமல் வெடிக்கும். டயலைச் சூப்பர் குளூவால் ஒட்டியிருந்தால், அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துப் பின்பக்கத்திலிருந்து மட்டும் கொடுங்கள். எனாமலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மேலே எழுதிய பெயர் போகக்கூடும். செல்லுலாய்ட் கண்ணாடி பக்கத்தில் இருக்கக் கூடாது, அசிட்டோனில் கரைந்துவிடும்.

சுத்தம்

பாகங்களைப் பென்சினிலோ லைட்டர் திரவத்திலோ அலசுங்கள். ஸ்பிரிட்டில் பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஊறப்போடக் கூடாது. பேலட் கற்களையும் பேலன்ஸின் அடியில் உள்ள ரோலர் கல்லையும் பிடித்திருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கல் கழன்று விழுந்து, அதை அடுத்தவர் சூப்பர் குளூ போட்டு ஒட்டுவது இப்படித்தான். அந்தப் பசையை நீக்கி, கல்லை நேராக நிறுத்தி, கடுகளவுக்கும் குறைவான அரக்குத் துண்டை வைத்து இளஞ்சூட்டில் உருக்கி விட வேண்டும்.

துளைகளைப் பெக் மரக் குச்சியைக் கூராக்கித் துளைத்துத் துடையுங்கள். குச்சி நுனி கறுப்பில்லாமல் வரும்வரை சீவிச் சீவித் திரும்பச் செய்ய வேண்டும். சாத்தே குச்சியை இதற்குப் பயன்படுத்த ஆசை வரும், ஆனால் மூங்கில் நார் உரிந்து துளையிலேயே தங்கும்.

பித்தளைத் தகட்டுக்குள் ஸ்குரூ முறிந்து கிடந்தால் துளைபோடும் கருவியை எடுக்காதீர்கள். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் படிகாரம் கிடைக்கும். வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தகட்டை மூழ்கவைத்து, கொதிக்காமல் வெதுவெதுப்பாகவே வைத்திருங்கள். எஃகில் குமிழ் கிளம்பும், ஸ்குரூ மெல்லக் கறுத்து உதிரும். சில மணி நேரமும் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் தகட்டில் மாட்டியிருக்கும் வேறு எஃகுப் பாகம் எல்லாவற்றையும் முன்பே எடுத்திருக்க வேண்டும். டயல் கால் ஸ்குரூக்களை விட்டுவிடுவது வழக்கமான மறதி. அவையும் கரைந்துவிடும்.

ஸ்பிரிங், எண்ணெய், ஓட்டம்

பழைய நீல எஃகு மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்ததும் சிறு வளையமாகச் சுருண்டே கிடந்தால் மாற்றுங்கள். அகலம், தடிமன், நீளம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். தடிமனில் ஏமாறுபவர்கள் அதிகம். விசை தடிமனின் மும்மடியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும்: 0.20 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.22 மி.மீ. போட்டால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அழுக்குக் கடிகாரத்தை ஓடவைக்க இது பழைய குறுக்குவழி. சுத்தம் செய்த பிறகு அதே ஸ்பிரிங்கை விட்டால் பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி, ரோலர் கல் ஃபோர்க்கின் வெளிப்புறத்தில் மோதும். குதிரை ஓடுவதுபோலச் சத்தம் கேட்கும், நேரம் கண்டபடி முந்தும்.

தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், அது பரவி ஓடிவிடும். வேகமாகச் சுழலும் பிவட்களுக்கு மோபியஸ் என்ற கடிகார எண்ணெயில் 9010 ரகம், நடுச்சக்கரம் போன்ற மெதுவான, பாரம் தாங்கும் இடங்களுக்கு டி5, மெயின் ஸ்பிரிங்குக்கு 8200, பேலட் கல் முகத்துக்கு 9415. கல்லின் எண்ணெய்க் கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேல் போதும். ததும்பினால் எண்ணெய் முழுக்க இழுபட்டு வெளியே போகும், பிவட் காய்ந்து நிற்கும். சக்கரப் பற்களுக்கும், ஹேர் ஸ்பிரிங்குக்கும், பேலட் ஃபோர்க்கின் பிவட்களுக்கும் எண்ணெய் கிடையாது.

விசை இல்லாத நிலையில் ரோலர் கல், ஃபோர்க்கின் நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் ‘டிக்’கும் ‘டாக்’கும் நொண்டும். பெரும்பாலான லீவர் கடிகாரம் (பேலட் ஃபோர்க் உள்ள ரகம்) மணிக்கு 18,000 முறை துடிக்கும், பழைய ஆங்கிலேயக் கடிகாரம் பல 14,400 முறை. சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கைபேசி செயலியில் இந்த எண்ணைச் சரியாகக் கொடுக்காவிட்டால் காட்டுவதெல்லாம் பொய். அதில் வரும் ஆட்ட அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். அதைக் கணக்கிடத் தேவையான லிஃப்ட் கோணம் கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும். முழுச் சாவியில், படுத்த நிலையில் பேலன்ஸ் பக்கத்துக்கு முக்கால் சுற்றுக்கு நெருக்கமாக ஆடினால் ஆரோக்கியம். 15 கல் வைத்த சாதாரணக் கடிகாரம் நாளுக்கு ஒரு நிமிடத்துக்குமேல் முந்தாமலும் பிந்தாமலும் ஓடினால் அதற்குமேல் அதைப் படுத்த வேண்டியதில்லை.

சரிசெய்யாமல் விட்டதையும் போட்ட ஸ்பிரிங்கின் அளவையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழைய ரிப்பேர்காரர்கள்போல மூடியின் உட்புறத்தில் கீற வேண்டாம். அந்தத் தாளைக் கடிகாரத்துக்குள்ளும் வைக்காதீர்கள். காகிதம் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். கடிகாரம் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும், தாள் அந்த டப்பாவின் மூடிக்கு வெளியே ஒட்டியிருக்கட்டும்.