மைக்ரேனுக்கு மாத்திரை: எதை, எப்போது, எத்தனை நாள்

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் அரை மணி பார்ப்போம், தானாகப் போய்விடும்" என்று உட்கார்ந்திருக்கும் கட்சியில் நானும் பல வருடம் இருந்தேன். ஒருநாள் அப்படி மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தாங்க முடியாமல் ஒன்றை விழுங்கி, முக்கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தேன். வாஷ்பேசினில் அந்த மாத்திரை கிடந்தது. ஓரம் மட்டும் லேசாகக் கரைந்திருந்தது, மேலே பொறித்த எழுத்துகூட அழியவில்லை. அதுவரை மருந்து சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன், அது வயிற்றைத் தாண்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி வந்தால் இரைப்பையும் மந்தமாகிவிடும். மாத்திரை குடலுக்கு நகர்ந்தால்தான் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறும். அதனால் எந்த மாத்திரை என்று தேடுவதற்கு முன்னால் எந்த நேரத்தில் போடுவது என்பதைப் பிடியுங்கள். அதற்கு மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தாக வேண்டும்.

வலிக்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தைய நாளே, ஆட்டம் தொடங்கிவிடும். காரணமில்லாமல் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பு மேல் ஆசை. தூக்கம், பசி இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி இந்தக் கட்டத்திலேயே வழக்கத்துக்கு மாறாக இயங்குவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். (சாக்லேட் சாப்பிட்டதால் தலைவலி வந்தது என்பார்கள். பல நேரம் தலைவலி வரப்போவதால்தான் சாக்லேட் கேட்டிருக்கும். சாக்லேட்டை மன்னித்துவிடலாம்.)

அப்புறம் சிலருக்கு ஆரா. படித்துக்கொண்டிருக்கும் வரியில் நடுவே இரண்டு எழுத்து காணாமல் போகும், கண்ணைக் கசக்கினாலும் திரும்பாது. அந்த ஓட்டையைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி ஒளிக்கோடு மினுமினுத்து, பிறை போல விரிந்து ஓரத்துக்குப் போய் மறையும். பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார்ல் லாஷ்லி என்ற ஆய்வாளர் தனக்கு வந்த ஆராவையே வரைந்து அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941-இல் கணக்குப் போட்டார். 1944-இல் லியாவோ என்ற இன்னொரு ஆய்வாளர் முயலின் மூளையில் அப்படியே ஒரு அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒரு நொடி கொந்தளித்துப் பிறகு அடங்கிப்போகும் அலை அது. பெரும்பாலானவர்களுக்கு ஆரா வருவதே இல்லை என்பதால், இல்லாவிட்டால் மைக்ரேன் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி வலி. மூளைக்கு வலி தெரியாது, அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் அதில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும்தான் தெரியும். அங்கே வந்து முடியும் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ந்தெழுந்து சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துண்டைக் கொட்டுகிறது. குழாய்கள் விரிகின்றன, நரம்புமுனைகள் கூச்சம் கண்டுவிடுகின்றன, சாதாரண நாடித்துடிப்புகூட விண் விண்ணென்று தெறிக்கிறது. இதை அப்படியே விட்டால் கூச்சம் மூளைத்தண்டில் இருக்கும் அடுத்த நரம்பணுக்களுக்கும் தொற்றும். தலைவாரினால் வலிக்கிறது, கண்ணாடி மாட்டினால் நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்றால் அது நடந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு போடும் மாத்திரை அரை மனதாகத்தான் வேலை செய்யும்.

ஆக, இது மைக்ரேன்தான் என்று தெரிந்ததும், வலி லேசாக இருக்கும்போதே போடுங்கள், முழு அளவில் போடுங்கள். அரை மாத்திரை போட்டுப் பார்ப்பது சிக்கனம் இல்லை, ஒரு நாளை வீணாக்குவது. ஐபுபுரோஃபென், நாப்ராக்சென் போன்றவை வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து அழற்சியைக் குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். குமட்டல் இருந்தால் டோம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடை மருத்துவர் சேர்த்துத் தருவார். வாந்தியை நிறுத்துவதோடு, தூங்கிப்போன இரைப்பையைத் தட்டி எழுப்புவதும் அவற்றின் வேலை.

அது போதவில்லை என்றால் சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான்கள். நரம்புகளுக்குச் சேதி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் உட்காரும் இரண்டு வகை ஏற்பிகளில் (செல்லின் மேல் அதற்கென இருக்கும் இருக்கைகளில்) இவை போய் உட்காரும். ஒன்று விரிந்த குழாயைச் சுருக்கும், இன்னொன்று நரம்பு சி.ஜி.ஆர்.பி.யைக் கொட்டுவதைத் தடுக்கும். பொதுவான வலிநிவாரணி இல்லை, பல்வலிக்கெல்லாம் போட்டுப் பயனில்லை. ஆரா இருப்பவர்கள் ஒளிக்கோடு தெரியும்போது போடாமல் வலி தொடங்கும்போது போட வேண்டும். முதல் மாத்திரையில் வலி அடங்கி, பிறகு திரும்பினால் குறைந்தது 2 மணி நேரம் விட்டு இன்னொன்று போடலாம், முதல் மாத்திரையில் வலி துளியும் அடங்கவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவது போடாதீர்கள். இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் டிரிப்டான் கூடாது, குழாயைச் சுருக்கும் குணம் இதயக் குழாயிலும் கொஞ்சம் உண்டு. அந்தச் சிக்கல் இல்லாமல் சி.ஜி.ஆர்.பி. ஏற்பியை மட்டும் அடைப்பவைதான் புதிதாக வந்த ரிமெஜிபான்ட், உப்ரோஜிபான்ட்.

சரி, சீக்கிரம் போடு என்று சொல்லியாகிவிட்டது, இப்போது அதற்கு நேர் எதிரான ஒன்று. நாள் கணக்கு. டிரிப்டானும் பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரைகளும் மாதத்தில் 10 நாள், தனி வலிமாத்திரைகள் 15 நாள் என்ற அளவைத் தொட்டு, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போனால், மாத்திரையே தலைவலியைத் தர ஆரம்பித்துவிடும். காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டால் இறங்கும், மறுநாள் மறுபடி. இதிலிருந்து வெளியே வர மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டும். முதல் சில நாட்கள் கொடுமையாக இருக்கும், மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

அந்த எல்லையை நெருங்குகிறீர்கள் என்றால் தடுப்பு மருந்து கேட்க வேண்டிய நேரம். புரோப்ரனலால் (ஆஸ்துமா இருந்தால் ஆகாது), அமிட்ரிப்டிலின், டோபிரமேட் (கர்ப்பத்தில் கூடாது) எல்லாமே வேறு நோய்களுக்கென வந்து இங்கே பயன்பட்டவை. மைக்ரேனுக்கென்றே செய்த தடுப்பு ஊசிகள், சி.ஜி.ஆர்.பி.யை அல்லது அதன் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதங்கள், 2018-இல்தான் வந்தன. முதலில் வந்தது எரினுமாப், மாதம் ஒரு ஊசி.

இடையில் ஒரு எச்சரிக்கை. நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தால் மாத்திரை அட்டையைத் தேடாமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். ஆரா வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை கேட்கும் முன் ஆராவைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், சேர்ந்தால் பக்கவாத அபாயம் கூடும்.

தடுப்பு மாத்திரை தினமும் போடுவது, பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். எனக்கு மூன்றாவது மாதக் கடைசியிலும் தலைவலி வந்தது. இதுவும் பொய்த்துவிட்டது, நிறுத்திவிடலாம் என்ற கோபத்தோடுதான் மருத்துவரிடம் போனேன். அவர் பதில் சொல்லாமல் காலண்டரைக் கேட்டார். வலி வந்த நாளில் ஒரு கோடு, மாத்திரை போட்டால் அதன் மேல் ஒரு வட்டம், அவ்வளவுதான் நான் குறித்திருந்தது. முதல் மாதம் 11 கோடு, இந்த மாதம் 5. நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை.