மொறிஸ் டிரவலரின் மரம் உக்கியபோது

அப்பாவின் 1958 மொறிஸ் மைனர் டிரவலர், பின்பாதி மரச்சட்டத்தால் ஆன பழைய கார், யாழ்ப்பாணத்து வீட்டுக் கொட்டிலில் பத்து வருடமாக நின்றது. தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் தடை இருந்தபோது, கார்புரேட்டரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய கார். 948 சிசி எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது மரம்தான்.

பின்பக்க மரச்சட்டம் அழகுக்கு வைத்ததல்ல. கூரையையே அதுதான் தாங்குகிறது. பக்கக் கண்ணாடி நகரும் தவாளிப்பில் மழைத்தண்ணீர் தேங்கி, கீழ்ச்சட்டம் உக்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், புட்டு மாதிரி உதிர்ந்தது.

அசலில் இருப்பது ஆஷ் என்ற குளிர்நாட்டு மரம். அதற்கு எங்கே போவது? பலாப் பலகை எடுத்தோம். பழைய துண்டை அச்சாக வைத்து மாமா இழைத்துத் தந்தார். "ஒவ்வொரு துண்டாகக் கழற்று தம்பி" என்றார். நான் அவசரப்பட்டு ஒரு பக்கம் முழுவதையும் கழற்ற, கூரை கொஞ்சம் இறங்கிவிட்டது. ஜாக் வைத்துத் தூக்கி நேராக்கும் வரை, இரண்டு வாரம் பின்கதவு மூடவில்லை. அப்புறம் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன்.

மின்சாரத்தில் ஓடும் பெற்றோல் பம்ப் மட்டும் சத்தமில்லாமல் ஊமையாக இருந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயின்டை எமரித் தாளால் லேசாக உரசியதும் 'டிக் டிக்' என்றது.