செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நான்கு நாள்: கிழமையையும் பாலத்தையும் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

2025 ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்வந்தேன். ஏஜென்சி எதுவும் இல்லை, எல்லாம் நானே போட்ட திட்டம். அதில் சரியாக வந்ததையும், ஒரு இரவு முழுக்கத் தவிக்கவிட்ட ஒரு தவறையும் அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். விமான டிக்கெட் எடுப்பது, பெட்டி கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: முதலில் கிழமை, பிறகு தேதி

பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடும் முன், அவை மூடும் நாளை ஒரு தாளில் எழுதுங்கள். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. பீட்டர்ஹோஃப் பெரிய அரண்மனையும் திங்கள். ரஷ்ய அருங்காட்சியகமும் அம்பர் (மரப்பிசின் கல்) அறை இருக்கும் கேத்தரின் அரண்மனையும் செவ்வாய். வண்ணக் குமிழ்க் கோபுரங்களோடு நிற்கும் 'சிந்திய குருதி' தேவாலயம் புதன். எழுதி முடித்ததும் விடை தானாகத் தெரிந்துவிடும்: வியாழன் முதல் ஞாயிறு வரை எல்லாமே திறந்திருக்கும். புதன் இரவு போய் இறங்கி, திங்கள் காலை கிளம்புங்கள். சில அருங்காட்சியகங்கள் மாதத்தில் ஒரு நாள் துப்புரவுக்காகவும் மூடும். அதனால் கிளம்பும் வாரம் அவரவர் தளத்தில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா உண்டு. ஆன்லைனில் விண்ணப்பித்தால் நான்கு நாளில் வந்துவிடும். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். டிக்கெட்டிலும் விசாவிலும் அதே வரிசை இருக்கட்டும். இ-விசாவில் எல்லா எல்லைச்சாவடி வழியாகவும் நுழைய முடியாது. பீட்டர்ஸ்பர்க்கின் புல்கவோ விமான நிலையம் பட்டியலில் இருக்கிறது.

இற்றை (பிறகு சேர்த்தது): நாங்கள் போனபோது 16 நாள்தான் தங்கலாம். 2025 ஆகஸ்ட் 23 முதல் அது 30 நாள், செல்லுபடிக் காலம் 120 நாள்.

படி 3: பணம்

இந்தியாவில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. கடை, ஏடிஎம், ஆன்லைன் டிக்கெட் எதற்கும் உதவாது. அமெரிக்க டாலரை ரொக்கமாக எடுத்துப்போய் வங்கியில் ரூபிளாக மாற்றுவதுதான் வழி. மடிப்பு, கறை, பேனா எழுத்து இல்லாத புது நோட்டாக வாங்குங்கள்.

ஹெர்மிடாஜ் டிக்கெட்டை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணே தன் அட்டையில் வாங்கித் தந்தார். நாங்கள் ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம். கேட்டுப்பாருங்கள், தயங்க வேண்டாம்.

படி 4: தங்கும் இடம் (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

நேவா ஆறு ஊரைப் பல தீவுகளாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, கப்பல்கள் கடலுக்குப் போக வழிவிட்டு, நள்ளிரவுக்குப் பின் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். இதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. எனக்கும் தெரியும். தெரிந்தும், வாடகை குறைவு என்று வசீலியெவ்ஸ்கி தீவில் அறை எடுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் இரவு தீவுக்கு எதிரே, அட்மிரல்டி பக்கக் கரையில் போய் நின்றோம். மணி ஒன்று பத்து. வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை. அரண்மனைப் பாலம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மெல்ல எழுந்தது. சற்றுமுன் கார் ஓடிய தார்ச்சாலை, வெள்ளைக் கோடுகளோடு சுவர்போல நிமிர்ந்தது. விளக்குக் கம்பங்கள் பக்கவாட்டில் படுத்த மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு சுவருக்கும் நடுவே, தூரத்தில் பீட்டர்-பால் கோட்டைத் தேவாலயத்தின் தங்க ஊசிக்கோபுரம். "ரோடே எழுந்து நிக்குதுடா" என்றார் அம்மா.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் அறை எதிர்க்கரையில், தீவில். தீவுக்குப் போகும் இன்னொரு பாலமும் தூக்கியாயிற்று. மெட்ரோவும் மூடியாயிற்று. ஜூன் மாதம் என்றாலும் ஆற்றுக் காற்று எலும்பைக் குத்தியது. அம்மா புடவைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குச் சற்று முன் பாலம் கொஞ்ச நேரம் இறங்கியது. அந்த இடைவெளியில் விறுவிறுவென்று நடந்து தாண்டினோம். அறுபத்தெட்டு வயதில் அம்மாவுக்கு அது தேவையே இல்லாத சிரமம்.

ஆகவே: நெவ்ஸ்கி சாலையை ஒட்டி, கஸ்தீனி த்வோர், மயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையங்களுக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். பாலம் பார்த்துவிட்டு நடந்தே திரும்பிவிடலாம். தீவில்தான் தங்கியாக வேண்டும் என்றால், தீவின் கரையில் இருந்தபடியே பாருங்கள். கோபுரம் நடுவில் வராது, ஆனால் குளிர்கால அரண்மனை பின்னணியில் நிற்கும், அதுவும் அழகுதான். எந்த நாளில் எந்தப் பாலம் எத்தனை மணிக்கு என்ற அட்டவணை மாறும்; அன்றைய நேரத்தைப் பாருங்கள்.

இற்றை: "டாக்சியில் போக முடியாதா?" என்று இதைப் படித்த இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முடியும். மேற்குப் பக்கம் போகும் சுங்கக் கட்டண விரைவுச்சாலையின் பாலங்கள் உயரமானவை, தூக்குவதில்லை. ஆனால் பெரிய சுற்று, வாடகையோடு சுங்கமும் சேரும். எனக்கு அன்று இது தெரியாது.

படி 5: போனில் என்ன வேண்டும்

யாண்டெக்ஸ் மேப்ஸ். கூகுளைவிட இதுவே மேல் என்பேன்: பேருந்து எண், மெட்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறினால் மாறுவதற்குச் சுலபம் என்பதுவரை சொல்லும். ஊர் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். விடுதி முகவரியை ரஷ்ய எழுத்தில் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தாளுக்கு சிக்னல் தேவையில்லை.

ரஷ்ய எழுத்தை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஆங்கில 'பி' வடிவம் இங்கே 'ர', 'சி' வடிவம் 'ஸ', 'எச்' வடிவம் 'ன'. 'பெக்டோபா' என்று கண்ணுக்குத் தெரிகிற பலகை உண்மையில் 'ரெஸ்தரான்'. இது பிடிபட்ட பிறகு மெட்ரோ பயமே போய்விடும். மெட்ரோ கவுன்டரில் 'பதரோஷ்னிக்' அட்டையை ரொக்கத்துக்கு வாங்கலாம், ஆளுக்கு ஒன்று.

படி 6: நாட்களை நிரப்புவது

வியாழன் முழுக்க ஹெர்மிடாஜ். எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். லியொனார்டோவின் இரண்டு மடோனா, ரெம்பிராண்ட் அறை, மயில் கடிகாரம், இவ்வளவு போதும். 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ரயிலில் ஏற்றி யூரல் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஓவியங்கள் போய்விட, சட்டங்கள் மட்டும் சுவரில் தொங்கின. ஊரைச் சூழ்ந்த முற்றுகை 872 நாள் நீடித்தது. இது தெரிந்து அந்த அறைகளில் நடந்தால் சட்டங்களையும் நின்று பார்ப்பீர்கள்.

வெள்ளி பீட்டர்ஹோஃப், வாரக்கடைசியில் கூட்டம் தாங்காது. ஆற்றில் பறக்கும் 'மெத்தியோர்' படகு வேகம்தான். ஆனால் நான் அவ்தவோ மெட்ரோ வழியாகப் பேருந்தில் போகச் சொல்வேன். 1955இல் திறந்த அந்த நிலையத்தின் கண்ணாடித் தூண்களையும் பார்த்ததாகும். காலை 11 மணிக்கு 'பெரிய அருவி' நீரூற்றுகளைத் திறக்கும்போது அங்கே இருங்கள். சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து தண்ணீர் 20 மீட்டருக்கு மேல் எழும்பும். பம்பு எதுவும் கிடையாது, மேட்டிலிருந்து குழாயில் வரும் நீரின் அழுத்தம் மட்டுமே.

சனி நெவ்ஸ்கி சாலை, கஸான் பேராலயம், 'சிந்திய குருதி' தேவாலயம். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் விழுந்த அதே இடத்தில் கட்டியது. உள்ளே 7,000 சதுர மீட்டருக்கும் மேல் மொசைக். ஐசக் பேராலயத்தின் மேல்மாடத்துக்கு 262 படி. அம்மா கீழே இருந்துகொண்டார்.

ஞாயிறு, ஊர் பிறந்த இடமான பீட்டர்-பால் கோட்டை (1703). நண்பகலில் பீரங்கி வெடிக்கும், காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பிறகு குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகம். எல்லோரும் ஜார் பீட்டர் சேர்த்த விசித்திரங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் இந்தியப் பகுதிக்கும் போங்கள். அலெக்சாந்தர் மெர்வார்ட், லுத்மீலா மெர்வார்ட் தம்பதி 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றி இந்த அருங்காட்சியகத்துக்காகப் பொருள்கள் திரட்டினார்கள். அலெக்சாந்தர் 1929இல் லெனின்கிராடிலிருந்து (இந்த ஊரின் அப்போதைய பெயர்) பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணமே எழுதி வெளியிட்டார். அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில், நம் பேச்சை உட்கார்ந்து எழுதியிருக்கிறார் ஒருவர்.

இற்றை: சைவச் சாப்பாடு பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். 'பெஸ் ம்யாசா' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் மீனை அவர்கள் அதில் சேர்ப்பதில்லை, 'பெஸ் ரீபி' என்றும் சொல்ல வேண்டும். மெனுவில் 'போஸ்நயெ' என்றிருந்தால் நோன்புச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது. ஜார்ஜிய உணவகங்களில் பீன்ஸ் 'லோபியோ', பாலாடைக்கட்டி ரொட்டி கிடைக்கும். அம்மா கண்டுபிடித்தது வேறு: சூப்பர் மார்க்கெட்டில் 'கிரேச்கா' தானியமும், மோர்போல இருக்கும் 'கெஃபீர்' பாட்டிலும். தானியத்தைக் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, கெஃபீரும் உப்பும் ஊற்றிப் பிசைந்தால் தயிர் சாதத்துக்கு மிக அருகில் வரும். ஊறுகாய் மட்டும் ஊரிலிருந்து எடுத்துப்போங்கள்.